சுவரில் ஓட்டை போடச் சொன்ன பொகை பாய்

வாங்க வந்தவர்களைத் துரத்துவதையே தொழிலாக வைத்திருந்த மனிதர் கோயமுத்தூர் ஜில்லாவில் ஒருவர்தான். அவர் பெயர் பொகை பாய். மற்ற கடைக்காரர்கள் வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்பார்கள். பொகை பாய் வாசலில் நின்று "எதுக்குங்க?" என்பார்.

கணபதியில் எங்கள் தெருமுனையில் அவருடைய தகரப் பட்டறை இருந்தது. நான் அப்போது ஒரு பம்ப் கம்பெனியில் டைப்பிஸ்ட். காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போதும், சாயங்காலம் திரும்பும்போதும் அந்தப் பட்டறையைத் தாண்டித்தான் போகவேண்டும். பாய் உயரமாக, ஒல்லியாக இருப்பார். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். முகத்தில் புருவம் என்று ஒன்று கிடையாது. நெருப்பு தின்றுவிட்டது. முளைத்து வரும்போதெல்லாம் மறுபடியும் தின்றுவிடும். அதனால் அவர் கோபமாக இருக்கிறாரா, ஆச்சரியப்படுகிறாரா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. பெரும்பாலும் கோபமாகத்தான் இருந்தார் என்பது என் கணக்கு.

அவர் செய்தது அடுப்பு. சமைக்கிற அடுப்பு அல்ல, விறகு போட்டு வீட்டைச் சூடாக்குகிற அடுப்பு. கணபதியில் அது எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். சித்திரை மாதத்தில் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அலைகிற தெரு அது. ஆனால் பாயின் அடுப்புகளெல்லாம் மலைக்குப் போகிறவை. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று குளிர்காலத்தில் பல் கிட்டிப்போகிற ஊர்களில் இருந்து ஆட்கள் ஜீப்பிலும் காரிலும் அவரைத் தேடி வருவார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

ஒருமுறை குன்னூரில் இருந்து ஒரு எஸ்டேட் மேனேஜர் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ. காரிலிருந்து ஒரு காலை மட்டும் கீழே வைத்து, "பெருசா ஒண்ணு எடுத்து வைப்பா" என்றார்.

"ரூமுக்கு எத்தனை ஜன்னலுங்க?" என்றார் பாய்.

"நாலஞ்சு இருக்கும்."

"நாலுங்களா, அஞ்சுங்களா?"

"எண்ணிப் பார்க்கலையேப்பா."

"எண்ணீட்டு வாங்க."

மேனேஜர் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. அவர் பாட்டுக்கு உள்ளே போய் தகடு வெட்ட ஆரம்பித்துவிட்டார். அத்தனை மலை ஏறி, ஜன்னலை எண்ணி, மறுபடியும் இறங்கி வருவதற்கு அந்த மேனேஜருக்கு மூன்று வாரமானது. இந்தத் தடவை காரை விட்டு இரண்டு காலையும் கீழே வைத்து இறங்கினார். ஜன்னல் ஆறாம்.

இன்னொரு தடவை ஒரு மில் முதலாளி வந்தார். உள்ளூர்க்காரர்தான். புதிதாகக் கட்டிய பங்களாவில் ஹாலுக்கு ஏஸி வைத்திருந்தாராம். ஏஸியை நன்றாகப் போட்டுவிட்டு, நடு ஹாலில் இங்கிலீஷ்காரன் மாதிரி அடுப்பு எரிய வைத்து, விருந்தாட வருகிற ஒறம்பரைக்குக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. பாய் அவரைத் தலையில் இருந்து கால்வரை பார்த்தார். "உங்குளுக்கு வேர்க்குதுங்க. மொதல்ல அதைத் தொடைங்க" என்று தன் தோள் துண்டை நீட்டினார். அந்தத் துண்டு கன்னங்கரேல் என்று இருந்தது. முதலாளி அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாக வந்ததாகத் தகவல் இல்லை.

ஆனால் தெரு அவரைப் பைத்தியம் என்று முடிவு கட்டியதற்குக் காரணம் இதெல்லாம் இல்லை. தகர அறைதான் காரணம்.

பட்டறைக்குப் பின்னால் பத்துக்குப் பத்தில் ஒரு தகர அறை கட்டி வைத்திருந்தார். புதிதாக ஒரு அடுப்பு செய்தால் அதை அந்த அறையில் பொருத்தி, விறகு அடுக்கிப் பற்றவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவார். மே மாதமாக இருந்தாலும் சரி. வெளியே அவர் மனைவி, நாங்கள் பாயம்மா என்று கூப்பிடுகிறவர், ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு கடப்பாரை சாத்தியிருக்கும். பாயம்மா கையில் பூக்கட்டிக்கொண்டோ, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டோ இருப்பார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை உரக்கக் கூப்பிடுவார்.

"இருக்கீங்களா?"

உள்ளே இருந்து, "இருக்கேன்!"

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "இருக்கீங்களா?"

"இருக்கேன்!"

மூன்று மணி நேரம் இது நடக்கும். தெருவில் போகிற பசங்களெல்லாம் ஒருவரை ஒருவர் "இருக்கீங்களா?" "இருக்கேன்!" என்று கேலி பேசினார்கள். நானும் என் சிநேகிதிகளும் இது ஏதோ அந்த வயசுக்கு ஒரு தினுசான காதல் என்று நினைத்துச் சிரித்தோம். கடப்பாரை எதற்கு என்று ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பிறகு எனக்குக் கல்யாணமானது. பையன் பிறந்தான். என் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்துக் கோத்தகிரிக்குப் போனார். எட்டு மாதக் குழந்தையோடு நானும் பின்னால் போனேன். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டோம். அதற்குப் பிறகு மலையில் இருந்தவரை எந்த ஜன்னலையும் திறக்கவே இல்லை என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை.

வாடகைக்குக் கிடைத்தது பழைய கல் வீடு. சுவரெல்லாம் ஈரம். குழந்தைக்கு முதல் வாரமே நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு விடும்போது பூனைக்குட்டி மாதிரி சத்தம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "அறையைச் சூடா வைங்க. இல்லாட்டி மறுபடி மறுபடி தூக்கிட்டு வருவீங்க" என்றார்.

"நல்ல அடுப்பு ஒண்ணு வாங்கணும்" என்றேன்.

"அதை எங்கிட்ட விடு" என்றார் என் வீட்டுக்காரர்.

இங்கே அவரைப் பற்றி ஒரு வார்த்தை. தொழிற்சாலையில் தேயிலை உலர்த்துவதற்கு வண்டி வண்டியாக விறகு எரிக்கிற பெரிய உலை இருந்தது. அந்த உலை அவருடைய பொறுப்பு. ஆகவே நெருப்பு, இரும்பு இரண்டைப் பற்றியும் தனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம். ஏதோ ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது வந்த வார்ப்பிரும்பு அடுப்பை ஒரு பழைய சாமான் கடையில் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு ஆள் தூக்க முடியாத கனம். நான்கு காலும் சிங்கத்தின் கால். கதவில் திராட்சைக் கொடி.

"இதைவிட என்ன வேணும்?" என்றார்.

"ஒரு தடவை பொகை பாய்கிட்டக் காட்டீட்டு வாங்கலாமுங்க" என்றேன். அந்த அடுப்பை ஒரு டெம்போவில் ஏற்றிக் கணபதிக்குக் கொண்டுபோனோம். வாங்குவதற்கு முன்னால் அடுப்பை ஊர்வலம் விட்ட தம்பதி நாங்களாகத்தான் இருப்போம்.

பாய் டெம்போவின் மேல் ஏறினார். டார்ச்சை அடித்து அடுப்புக்குள் தலையை விட்டார். இடுப்புவரை உள்ளே போய்விட்டார். உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது.

"சிங்கத்துக்கு முதுகு ஒடஞ்சிருக்குதுங்க சார்."

பின்பக்கத் தகட்டில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். என் வீட்டுக்காரர் முகம் சிவந்தது. "அதை நான் சிமிண்டு வெச்சு அடைச்சுக்குவேன்" என்றார்.

"அடைச்சாலும் வேண்டாமுங்க. உங்க ரூமு எத்தனைக்கு எத்தனை?"

"பத்துக்குப் பன்னெண்டு."

"இது நாப்பது பேரு டான்ஸ் ஆடற ஹாலுக்குச் செஞ்சதுங்க. பத்துக்குப் பன்னெண்டுல இதைக் கொளுத்துனா ஊடு வெந்துபோகும். அப்பறம் நீங்க காத்தை அடைச்சுக் கொறைச்சு எரிப்பீங்க. கொறைச்சு எரிச்சா வெறகு எரியாதுங்க, பொகையும். கொழாய்ல எல்லாம் தாரு மாதிரி புடிச்சுக்கும். ஒரு நாளைக்கு அந்தத் தாரே பத்திக்கும். சின்ன அடுப்பு வாங்கி நல்லா எரிக்கோணும். பெரிய அடுப்பு வாங்கிச் சின்னதா எரிக்கறவன் வெறகையும் தொலைச்சு, ஊட்டையும் தொலைப்பான்."

பிறகு என் பக்கம் திரும்பி விசாரணையைத் தொடங்கினார். ஜன்னல் எத்தனை? கதவு எந்தத் திசை? குழந்தை எங்கே படுக்கிறது? என்ன விறகு கிடைக்கும்? வெட்டி எத்தனை மாதமாகிறது? கற்பூர மரம் என்றேன். ஒரு துண்டு கொண்டுவந்தீர்களா என்றார். அடுப்பு வாங்கப் போகிறவள் விறகுத் துண்டை எதற்கு எடுத்துப்போவாள்? அடுத்த தடவை நாங்கள் இருவரும் பஸ்ஸில், இரண்டு துண்டோடு போனோம். இரண்டையும் ஒன்றோடொன்று தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். பிறகு ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"தொப்புங்குது. ஈரம். டக்குன்னு சத்தம் வரோணும். இன்னும் ஆறு மாசம் கொட்டாய்ல அடுக்கி வைங்க. அது வரைக்கும் காஞ்ச சீகை வெறகு வாங்கி எரிங்க."

தான் செய்யப்போகிற அடுப்பைக் கரித்துண்டால் தரையில் வரைந்து காட்டினார். எங்கள் துணிப் பெட்டி அளவுக்குத்தான் இருந்தது. உள்ளே குறுக்காக ஒரு தகடு. "நெருப்பு நேரா மேல போச்சுன்னா வானத்துக்குத்தான் சூடு. இந்தத் தகட்டைச் சுத்திப்போட்டுப் போகட்டும். அது சுத்தறதுக்குள்ள நமக்கு வேண்டிய சூட்டை நாம வாங்கிக்கலாம்" என்றார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அடுத்து சொன்னதில்தான் சண்டை வந்தது.

"அடுப்புக்குப் பக்கத்துல, செவுத்துல கீழ ஒரு ஓட்டை போட்டுருங்க சார். மூணு இஞ்சி."

"எதுக்கு?"

"வெளிக்காத்து வரதுக்கு. நெருப்பு மூச்சு வாங்கோணுமில்லீங்களா. ஊட்டுக்குள்ள இருக்கற காத்தை அது தின்னுபோட்டா நீங்க எதை வாங்குவீங்க?"

என் வீட்டுக்காரர் விறுவிறுவென்று வெளியே நடந்தார். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு வரை அடக்கிக்கொண்டார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் வெடித்தார். "குளிர் தாங்கலைன்னு அடுப்பு வாங்கப் போனா செவுத்துல ஓட்டை போடச் சொல்றான். ஓட்டை போட்டா குளிர் உள்ள வராதா? பைத்தியத்துக்கிட்டக் கூட்டிட்டு வந்திருக்கறே!" முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் சொல்வதுதான் நியாயம் என்று எனக்கும் பட்டது. ஆனாலும் சின்ன அடுப்புக்குத்தான் சொல்லிவிட்டு வந்திருந்தோம். சிங்கத்தை முதல் தடவையே டெம்போவில் மலை ஏற்றிக் கடைக்காரரிடம் விட்டிருந்தோம்.

பாய் நான்கு வாரம் கேட்டு, எங்கள் வீட்டு அடையாளத்தையும் விசாரித்து வைத்திருந்தார். பட்டறையை விட்டு நான் கிளம்பும்போது என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கரிச்சட்டி வெக்கறீங்களா அம்மணி?"

மலையில் அது எல்லார் வீட்டிலும் உண்டு. இரும்புச் சட்டியில் கரியைக் கனியவைத்துப் படுக்கையறையில் வைத்துக்கொள்வது. புகை இருக்காது. செக்கச்செவேல் என்று அழகாக இருக்கும்.

"இல்லீங்க பாய்" என்றேன். உண்மையில் வைத்துக்கொண்டுதான் இருந்தோம். குழந்தைக்கு மூச்சு முட்டும்போது வேறு என்ன செய்வது? இவரிடம் ஆமாம் என்று சொன்னால் அடுப்பே தரமாட்டார் என்ற பயம்.

மூன்றாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. நாள் முழுக்க மூடுபனியும் தூறலும். என் வீட்டுக்காரர் விடியலில் தொழிற்சாலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். நானும் பையனும் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கதவிடுக்கில் பழந்துணியைத் திணித்துக்கொண்டு, கரிச்சட்டியோடு இருந்தோம். இரண்டு நாளாக எனக்குத் தலை கனத்தது. வயிற்றைப் பிரட்டியது. குழந்தை அழுவதை நிறுத்தியிருந்தான். பரவாயில்லை, சூடு கிடைத்ததும் நன்றாகத் தூங்குகிறான் என்று சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டேன் என்று எழுதும்போது இப்போதும் கை நிற்கிறது.

மூன்றாம் நாள் காலை அவனைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்குப் போய், பட்டறைக்குப் பக்கத்து லேத் கடைக்குப் போன் போட்டு பாயைக் கூப்பிடச் சொன்னேன். அடுப்பு எப்போது வரும் என்று கேட்பதற்குத்தான்.

"இன்னொரு வாரம் ஆகுமுங்க. என்ன அம்மணி, கொரலு ஒரு மாதிரி இருக்குது?"

"தலை கனமா இருக்குதுங்க பாய். மழை ஒத்துக்கல. தம்பியும் தூங்கிட்டே இருக்கறான்."



"கரிச்சட்டி வெக்கறீங்களா?"

"இல்லீங்க."

போனை வைத்துவிட்டார். கோபக்காரர், வைத்துவிட்டார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கொஞ்சம் கஞ்சி குடித்தேன். புதிதாகக் கரி போட்டுக் கனியவைத்து, கதவைச் சாத்தினேன்.

பாய் அப்போது ஒரு புகைக் குழாயை வளைத்துக்கொண்டிருந்தாராம். போனை வைத்ததும் அதைக் கீழே வைக்க மறந்து கையில் பிடித்தபடியே ரோட்டுக்கு ஓடினார் என்று பாயம்மா பிற்பாடு சொன்னார். டவுன் பஸ்ஸில் காந்திபுரம், அங்கிருந்து மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோத்தகிரி. மூன்று பஸ்ஸிலும் நான்கடிக் குழாயோடு நின்றுகொண்டே வந்திருக்கிறார். உட்கார இடமிருந்தும் உட்காரவில்லை. மலை பஸ்ஸின் கண்டக்டர் குழாய்க்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் போட்டாராம். "சீக்கிரம் போங்க, அதுக்கும் சேத்தி ரெண்டா வேணாலும் கிழிங்க" என்றாராம் பாய்.

மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அதை நான் சத்தியமாகச் சொல்வேன். யாரோ "அம்மணி! அம்மணி!" என்று கத்துவதும் கேட்டது. எழுந்து போக வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது ஓரிடத்திலும் என் கால் வேறோரிடத்திலும் இருந்தன. கைக்குள் குழந்தை இருந்தான். அவன் கை ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தும் எனக்குப் பயமே வரவில்லை. எல்லாம் எங்கேயோ யாருக்கோ நடப்பது போல இருந்தது.

பிறகு கண்ணாடி உடைந்தது. இரண்டு ஜன்னலையும் குழாயால் அடித்து நொறுக்கிவிட்டு, சட்டத்தின் வழியாக ஏறிக் குதித்தார். கையெல்லாம் ரத்தம். குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு முன்கதவைத் திறந்து வெளியே ஓடினார். அவனை மழையில் விட்டுவிட்டு மறுபடி உள்ளே வந்து என் இரண்டு கையையும் பிடித்துத் தரதரவென்று வாசல்வரை இழுத்தார். மரியாதைக்காரர். அத்தனை வருஷத்தில் ஒரு பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசியறியாதவர். என்னை ஒரு விறகுக்கட்டை மாதிரி இழுத்துப் போட்டார்.

குழந்தை அசையவில்லை. பாய் அவனைக் குப்புறத் தோளில் போட்டு முதுகில் தட்டினார். காலைத் தேய்த்தார். வாயில் வாய் வைத்து ஊதினார். "அழுகு கண்ணு. அழுகுடா. அழுகு சாமி" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். தூறல் அவர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் பையன் வாந்தி எடுத்தான். பிறகு கீச்சென்று ஒரு சத்தம். பிறகு அழுகை. நான் மண்ணில் படுத்தபடி அதைக் கேட்டேன்.

ரோட்டில் வந்த ஒரு ஜீப்பை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆக்சிஜன் வைத்தார்கள். நாளைக்குத்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா. தகவல் கேட்டு என் வீட்டுக்காரர் கிரீஸ் கையோடு ஓடிவந்தபோது பாய் வராந்தாவில் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்துப் பெஞ்சில் போர்வைக்குள் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் அவர் முன்னால் நின்றார். என்ன சொல்வது என்று தெரியாமல், "ஜன்னலை ஏன் பாய் உடைச்சீங்க, கதவை உடைச்சிருக்கலாமில்ல?" என்றார். எத்தனை மடத்தனமான கேள்வி என்று கேட்டபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

பாய் கோபப்படவில்லை. அன்றைக்குத்தான் அவர் தன்னைப் பற்றிப் பேசினார்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா சார். குன்னூர்ல கட்டிக்குடுத்திருந்தோம். பிரசவத்துக்கு வந்துட்டு, புள்ளையத் தூக்கீட்டுப் போகையில, குளிரா இருக்குமேன்னு கரிச்சட்டி ஒண்ணு செஞ்சு குடுத்தேன். நெம்ப நல்லாச் செஞ்சேன். மூடி, கைப்பிடி எல்லாம் வெச்சு. கரி நல்லாக் கனியறாப்புல ஓட்டை போட்டு. ஒரு பொட்டுப் பொகை வராது. காலைல பாலுக்காரன் வந்து கதவைத் தட்டியிருக்கறான். மூணு பேரும் தூங்குன மாதிரியே இருந்தாங்களாம்."

கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பொகை வந்திருந்தா இருமீட்டாவது எந்திரிச்சிருப்பாங்க. நா சுத்தமாச் செஞ்சுபோட்டேன்."

பாயம்மாவின் முக்காலியும், கடப்பாரையும், "இருக்கீங்களா?" என்ற குரலும் எனக்கு அப்போதுதான் புரிந்தன. தெருவே சிரித்த சிரிப்பில் என்னுடையதும் இருந்தது. நான் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

"உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டேன் பாய்" என்றேன் உள்ளே இருந்து.

"தெரியுமுங்க. எல்லாரும் சொல்றதுதான்" என்றார்.

பையன் பிழைத்தான். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் உளியும் சுத்தியலும் எடுத்து, அந்தக் கல் சுவரில் மூன்று அங்குலத்துக்கு ஓட்டை போட்டார். நாள் முழுக்க ஆனது. பாய் அடுப்பைக் கொண்டுவந்து வைத்துக் குழாயை ஏற்றி, அடுப்புக் கதவின் இடுக்கில் ஒரு ஊதுபத்தியைப் பிடித்தார். புகைக்கோடு வளைந்து அடுப்புக்குள் போனது. "செரி, இழுக்குது" என்றார். நல்ல அடுப்பு. காலையில் நான்கு சீகைக்கட்டை, சாயங்காலம் நான்கு. அறை கதகதவென்று இருக்கும். குளிர்காற்று ஓட்டை வழியாக வந்து, அடுப்புக்குள்ளேயே போய்விடும். என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் எல்லாரிடமும் இதைத் தானே கண்டுபிடித்த மாதிரி விளக்கிக்கொண்டிருந்தார். நானும் விட்டுவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு வருஷம் கழித்து, ஊருக்கு வெளியே தனியாக இருந்த ஒரு பெரியவர் குளிர்காலத்தில் தன் வீட்டில் இறந்து கிடந்தார். அங்கே இருந்தது பாய் செய்த அடுப்பு. போலீஸ் அவரைக் கூப்பிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்குப் போனார். எங்கள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டார்.

"நாலாவதுங்க" என்றார். தங்கச்சி வீட்டு மூன்று பேரோடு சேர்த்து எண்ணியிருக்கிறார்.

ஸ்டேஷனில், "நா செஞ்ச அடுப்புதானுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றாராம். தன் பக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியது என் வீட்டுக்காரர்தான். அதிகாரியை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போய், சுவரில் இருந்த ஓட்டையைக் காட்டினார். குளிருகிறது என்று பெரியவர் அதற்குள் சாக்கைத் திணித்திருந்தார். பிறகு கூரைமேல் ஏறிப் புகைக்குழாயைக் கழற்றிக் காட்டினார். ஈர விறகு எரித்து எரித்து, குழாய் தாரால் அடைத்து, ஒரு விரல் நுழையாத அளவுக்கு இருந்தது. "செஞ்சவர் மேல குத்தமில்லைங்க" என்று என் வீட்டுக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னதாகக் கூடப் போனவர்கள் சொன்னார்கள். வழக்கு எதுவும் வரவில்லை.

ஆனால் பாய் அதற்குப் பிறகு அடுப்பு செய்யவில்லை. ஜன்னலை எண்ணிக்கொண்டு வந்தவர்களைக்கூடத் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குப் பதிலாக வேறொரு வேலையை எடுத்துக்கொண்டார். ஐப்பசி பிறந்தால் ஒரு துணிப்பையில் கம்பி பிரஷ்ஷும் டார்ச்சும் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். தான் செய்து கொடுத்த அத்தனை அடுப்பையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார். கூப்பிடாமல் வருவார். குழாயைச் சுத்தம் செய்வார். ஓட்டையில் கையை விட்டுப் பார்ப்பார். விறகைத் தட்டிப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் வீட்டுக்காரம்மாவைத் திட்டுவார். குன்னூர் மேனேஜரையும் திட்டினார் என்று கேள்வி. சாப்பிடச் சொன்னால் மாட்டார். பால் விடாத கட்டன் டீ ஒன்று குடிப்பார். சில வீடுகளில் கதவைத் திறக்காமல், "பைத்தியக்கார பாய் வந்துட்டார்" என்று உள்ளே இருந்துகொண்டே சொல்வார்களாம். வெளியே நின்று, "ஓட்டையை மட்டும் பாத்துப்போட்டுப் போயிடறேனுங்க" என்பாராம். திறக்கும்வரை நிற்பாராம்.

எங்கள் வீட்டுக்குக் கார்த்திகை முதல் வாரம் வருவார். மத்தியான பஸ். பையன் அவரைக் கூரைமேல் பார்த்துக் கைதட்டுவான். அவனைப் பார்த்தால் மட்டும் புருவமில்லாத அந்த முகம் ஒரு மாதிரி இளகும். தலையில் கை வைத்து, மூச்சு விடுவதைக் காதைச் சாய்த்துக் கேட்பார். "செரி" என்பார். போய்விடுவார்.

அப்படி வர ஆரம்பித்த நான்காவது வருஷம் அவர் வரவில்லை. கார்த்திகை பாதி போனதும் என் வீட்டுக்காரர் கணபதிக்குப் போய்ப் பார்த்தார். பட்டறை பூட்டியிருந்தது. ஆவணியில் நெஞ்சுவலி வந்து இரண்டே நாளில் போய்விட்டார் என்றார் பாயம்மா. எங்களுக்குச் சொல்லியனுப்ப அவருக்கு விலாசம் தெரியவில்லை. எந்த வீடு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் பாயின் தலைக்குள்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, மழை வருவதற்குள் தன்னை மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏற்றிவிடச் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கூரைமேல் ஏறிக் குழாயைச் சுத்தம் செய்தார். இறங்கி வந்து ஓட்டையில் கையை விட்டுப் பார்த்தார். காய்ந்த விறகாகப் பொறுக்கி அடுக்கிவிட்டுத் தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி அலமாரியில் வைத்தேன். பாய் வந்து பார்த்து "செரி" என்ற பிறகுதான் எங்கள் வீட்டில் குளிர்காலத்தின் முதல் நெருப்பு. கார்த்திகையின் மிச்ச நாளெல்லாம் மூன்று பேரும் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, குளிர்ந்து கிடந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். மத்தியான பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் மூன்று பேரும் வாசலைப் பார்ப்போம்.